எங்கள் பெயர் கேள்விக்குறி அல்ல

"எம் பேரு எங்க சாமி?"

வத்தல்மலையில் பெரியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை விரித்து வைத்திருந்தோம். கேட்டவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. இரண்டு மாதம் முன்பு அதே திண்ணையில்தான் அவருடைய விவரங்களை வாங்கியிருந்தோம். மனு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பெருமையோடு திரையைத் திருப்பினோம். குடும்ப அட்டை எண் இருந்தது. மனு கொடுத்த தேதி இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன.

அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்தில் நின்ற பேத்திக்குத் தெரியும். "பாட்டி, உன் பேரு இல்ல, வெறும் கொக்கி கொக்கியா இருக்கு" என்றாள்.

அடுத்த பதிவைத் திறந்தோம். அங்கேயும் கேள்விக்குறி. அதற்கடுத்ததிலும் அதுதான். மொத்தம் 63 குடும்பங்கள். எண்கள் எல்லாம் பிழைத்திருந்தன, பெயர்கள் எல்லாம் செத்திருந்தன. எங்களில் யாருக்கும் அன்று வாயைத் திறக்க முடியவில்லை.

தோழர்களே, உங்களில் பலர் கணினி படிக்கிறீர்கள். ஒரு இணையச் செயலியின் சர்வரை ஒரு திறந்தமூலத் தரவுத்தளத்தோடு இணைப்பது எப்படி என்று உங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கும். அந்த ஒரு பக்கத்தை நாங்கள் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டு ஆனது. அதில் நாங்கள் செய்த தவறுகளுக்கு விலை கொடுத்தவர்கள் மலைமேல் இருக்கும் மக்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் நான்கு பேர். தருமபுரியைச் சுற்றியுள்ள காலனிகளில் பிறந்தவர்கள். எங்கள் வீடுகளில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள் நாங்கள்தான். மாலை நேரத்தில் காலனிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் தொடங்கி, மனு எழுதித் தருவதில் வந்து நின்றோம். மனு எழுதத் தொடங்கினால் ஒன்று புரியும். மனுவின் கதை எழுதுவதோடு முடிவதில்லை. எப்போது கொடுத்தோம், யாரிடம் கொடுத்தோம், ஒப்புகைச் சீட்டு எங்கே என்ற மூன்று கேள்விக்கும் பதில் வைத்திருப்பவனுக்குத்தான் மனு உயிரோடு இருக்கிறது. மற்றவர்களிடம் "அப்படி ஒண்ணும் வரலையேப்பா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

வத்தல்மலைக்கு நாங்கள் போனது இப்படித்தான். தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், சுமார் 3,500 அடி உயரம், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். காபியும் மிளகும் விளைகிற மலை. நீண்ட காலம் பேருந்து கிடையாது, நல்ல சாலையும் கிடையாது. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள், மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது என்பார்கள். அவர்கள் பேசுவது தமிழ்.

முதல் நாளே எங்களைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு சாமி?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஊரைச் சொல்லவில்லை, காலனியைச் சொன்னோம். ஒரு நொடி அமைதி. பிறகு அந்தப் பாட்டிதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மலைக்கு மேலும் கீழும் இருக்கிற தயக்கங்களை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. நாங்கள் யாரையும் காப்பாற்றப் போகவில்லை. சான்றிதழுக்காக அலைவது என்றால் என்ன என்று எங்களுக்கும் தெரியும் என்பதால் போனோம்.

பட்டியல் சாதியினருக்குச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் தர வேண்டும். அதற்கு முன் விசாரணை. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயரும் இருக்கிறது: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு அதில் இல்லை. அதனால் பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் பழங்குடி இல்லை என்று ஆகி, நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். ஒருவர் எந்த மாவட்டத்துக்காரர், தாத்தா எந்த மலையில் இருந்தார் என்ற ஒரு தகவலில் ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் தொங்குகிறது. போதாததற்கு இந்த மக்களில் பலருக்குப் பெயரோடு 'கவுண்டர்' என்ற ஒட்டு உண்டு. சமவெளியில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் புருவம் உயர்கிறது. அதனால் பெயரை எப்படி எழுதுகிறோம் என்பது இங்கே உயிர்நாடி.

அந்தப் பெயரைத்தான் நாங்கள் கேள்விக்குறி ஆக்கினோம்.

என்ன நடந்தது என்று சொல்கிறோம். தாலுகா அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு மேசை, அங்கே ஒருவர் மனு வாங்குகிறார். பின்னால் பூட்டிய பதிவறை, அங்கே கட்டுகள் அடுக்கியிருக்கின்றன. முன்மேசைக்காரர் பதிவறைக்குள் தானே நுழைவதில்லை. கதவைத் தட்டி, தான் யாரென்று சொல்லி, இன்ன கட்டு வேண்டும் என்று கேட்கிறார். முன்மேசைதான் செயலி சர்வர். எங்களுடையது ஜாவாவில் எழுதியது, அப்பாச்சியின் டாம்கேட்டில் ஓடியது. பதிவறைதான் தரவுத்தளம். இரண்டுக்கும் நடுவில் ஓடும் கடைநிலை ஊழியர் டிரைவர் என்கிற சிறு நிரல். ஜாவாவில் ஜேடிபிசி என்ற முறை 1997இல் வந்ததிலிருந்து இந்த ஓட்டத்துக்கு ஒரு பொது ஒழுங்கு இருக்கிறது.

இணைப்புக்கு வேண்டியவை சில தகவல்கள்தான். பதிவறை எந்தக் கணினியில் இருக்கிறது என்ற முகவரி. எந்தக் கதவு என்ற போர்ட் எண்: போஸ்ட்கிரெஸ் என்றால் வழக்கமாக 5432, மைஎஸ்க்யூஎல் என்றால் 3306. தரவுத்தளத்தின் பெயர். யூசர் பெயர். பாஸ்வேர்ட். இந்த ஐந்தையும் சரியாகக் கொடுத்தால் இணைப்பு கிடைத்துவிடும். எங்களுக்கும் கிடைத்தது. முதல் நாள் "கனெக்ட் ஆயிடுச்சு" என்று கத்தி, கடைக்குப் போய் டீ குடித்துக் கொண்டாடினோம்.

ஆறாவதாக ஒன்று இருந்தது. முன்மேசையும் பதிவறையும் எந்த எழுத்தில் பேசிக்கொள்கின்றன என்பது. அதை நாங்கள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சர்வர் தன் வழக்கப்படி எடுத்துக்கொள்ளும். நாங்கள் அன்று நிறுவியிருந்த பழைய பதிப்பின் வழக்கம் லத்தீன்-1. அந்த முறையில் மொத்தமே 256 இடம்தான். ஆங்கிலத்துக்கு இடம் உண்டு, ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கு உண்டு, தமிழுக்கு ஒரு எழுத்துக்குக்கூட இல்லை. தனக்கு இடமில்லாத எழுத்து வந்தால் டிரைவர் என்ன செய்யும்? பிழை என்று சொல்லி நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்போம். அது அமைதியாக ஒரு கேள்விக்குறியை வைத்து அனுப்பிவிட்டது. பதிவறை அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டது. எங்கும் ஒரு எச்சரிக்கை இல்லை.

யூனிகோடில் 'வத்தல்மலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு ஒன்பது குறியீடு, ஏனென்றால் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 27 பைட். லத்தீன்-1 வழியாகப் போனால் அது ஒன்பது கேள்விக்குறி. 'சித்தேரி' என்று எழுதினாலும் கேள்விக்குறிதான், எண்ணிக்கைதான் மாறும். திரும்ப எடுக்கவே முடியாது. எழுத்து தாறுமாறாகத் தெரிந்தால்கூட அதைத் தோண்டி மீட்க வழி உண்டு. கேள்விக்குறியாக விழுந்ததற்கு வழியே இல்லை. உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது.

இதை ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். சோதித்துப் பார்த்தோம். ஆங்கிலத்தில் சோதித்தோம். 'டெஸ்ட் ஒன்', 'டெஸ்ட் டூ' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, சரியாக வந்ததும் மலையேறிவிட்டோம். நம் மக்களுக்காகச் செய்ததை நம் மொழியில் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. இந்த வெட்கத்தை நாங்கள் இன்னும் சுமக்கிறோம். கணினி வகுப்பில் நமக்குச் சொல்லித் தந்தவர்களின் பெயர் ஆங்கிலம், எடுத்துக்காட்டு ஆங்கிலம். நம் பெயர் உள்ளே போகும்போது என்னாகும் என்று கேட்கும் பழக்கமே நமக்கு வரவில்லை.

63 குடும்பங்களில் 22 பேருக்கு மட்டும் காகிதத்தில் எழுதிய படிவம் இருந்தது. மற்றவர்களுடையதை நேராகக் கணினியில் அடித்திருந்தோம், வேகமாக முடியும் என்று. 41 வீட்டுக்கும் மறுபடி போனோம். பெரியூர், பால்சிலம்பு என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கினோம். சிலர் தோட்ட வேலைக்கு வெளியூர் போயிருந்தார்கள். சிலர் கொடுக்க மறுத்தார்கள். "ஒருவாட்டி தொலைச்சவங்க கையில மறுபடி எதுக்குக் குடுக்கணும்?" என்று ஒரு அண்ணன் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. பாட்டி மட்டும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இந்த வாட்டி காயிதத்துலயும் எழுதிக்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் முதல் விதி அதுதான்: முதலில் பேரேடு, பிறகுதான் கணினி. மலைமேல் சிக்னல் கிடைக்காத இடங்களுக்கும் அதுவே சரி.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். எந்தத் தரவுத்தளம் என்ற கேள்வி வந்தது. விலை கொடுத்து வாங்க எங்களிடம் காசில்லை என்பது உண்மை. ஆனால் திறந்தமூலம் இலவசம் என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மைஎஸ்க்யூஎல் 1995இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தன் மகள் பெயரை அதற்கு வைத்தார். 2008இல் சன் நிறுவனம் அதை வாங்கியது. 2010இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. ஆனால் மூலநிரல் திறந்திருந்ததால் விடேனியஸ் அதை எடுத்து இன்னொரு கிளையாக வளர்க்க முடிந்தது. அதற்கு இளைய மகள் பெயர், மரியாடிபி. போஸ்ட்கிரெஸ் 1986இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வு. 1996இல் இன்றைய பெயரைப் பெற்றது. அது எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம். ஒரு முதலாளி மனம் மாறினால் நம் மக்களின் பெயர்கள் பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் காரணம்.

தமிழ்நாட்டில் திறந்தமூலத்தை அரசு அலுவலகத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஒரு தலித் அதிகாரி என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உமாசங்கர் ஐஏஎஸ். திருவாரூர் ஆட்சியராக இருந்தபோது வட்டாட்சியர் அலுவலகங்களைக் கணினிமயமாக்கி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர். பிறகு எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது லினக்ஸை உள்ளே கொண்டுவந்தார். அந்த உமாசங்கரைத்தான், போலிச் சாதிச் சான்றிதழ் கொடுத்துப் பணியில் சேர்ந்தார் என்ற குற்றச்சாட்டில் 2010 ஜூலையில் இடைநீக்கம் செய்தார்கள். தலித் அமைப்புகள் கொதித்தெழுந்தன. ஆகஸ்டில் இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது. இருபது ஆண்டு பணியாற்றிய ஐஏஎஸ் அதிகாரிக்கே சான்றிதழ் ஒரு கயிறாகக் கழுத்தில் தொங்குகிறது என்றால், பால்சிலம்பில் பள்ளிக்குப் போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது தவறும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறோம். இணைப்புக்கான யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தோம். நிரலை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டோம், திறந்தமூலம் அல்லவா! அதோடு, செயலி இணைந்தது சாதாரண யூசராக அல்ல. பதிவறையையே இடித்துத் தள்ளும் அதிகாரம் உள்ள தலைமை யூசராக. ஒரு நாள் இரவு எங்களில் ஒருவர் தற்செயலாக அதைப் பார்த்து எல்லோரையும் எழுப்பினார். அதுவரை யாரும் உள்ளே நுழைந்த தடயம் இல்லை. தப்பித்தோம், ஆனால் தூக்கம் போய்விட்டது.

ஏன் அவ்வளவு பயம்? நாங்கள் இருப்பது தருமபுரியில். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்ததை எங்கள் தலைமுறை மறக்காது. இருவர் காதலித்து மணந்ததற்காக மூன்று காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். இப்படிப்பட்ட மண்ணில் சாதி மறுத்து மணந்தவர்களின் முகவரி, வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வந்தவரின் கைபேசி எண், யார் யாருக்கு எதிராக மனு கொடுத்தார் என்ற பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு தருவதை அரசின் கடமை ஆக்கியது. அந்தக் கடமையை அரசிடம் கேட்கிற நாம், நம்மிடம் இருக்கும் பட்டியலைத் திண்ணையில் விரித்துப் போட்டால் அது என்ன நியாயம்?

எனவே மாற்றினோம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இளைய தோழர்களே.

தரவுத்தளத்தின் கதவு இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸை நிறுவும்போது அது அதே கணினியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும். வசதிக்காக நாம்தான் அதை உலகத்துக்கே திறந்து விடுகிறோம். இரண்டு கணினி என்றால் முன்மேசையின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அதற்கென்றே ஒரு கோப்பு உண்டு. யார், எங்கிருந்து, எந்தத் தரவுத்தளத்துக்கு, எந்த முறையில் நுழையலாம் என்று அதில் வரிவரியாக எழுத வேண்டும். அங்கே 'யாரையும் நம்பு' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. அதை ஒருபோதும் போடாதீர்கள்.

செயலிக்கென்று தனி யூசர் உருவாக்குங்கள். அதற்குச் சேர்க்கவும் படிக்கவும் திருத்தவும் மட்டும் உரிமை கொடுங்கள். அழிக்கும் உரிமையைக் கொடுக்காதீர்கள். கணக்கு எடுக்க வருபவருக்குப் பெயரும் முகவரியும் இல்லாத தனிப் பார்வை. பாஸ்வேர்ட் நிரலுக்கு வெளியே, சர்வரில் தனியாக. நிரல் திறந்திருக்கலாம், மக்களின் விவரம் திறந்திருக்கக் கூடாது. திறந்தமூலம் என்பதற்கு இந்த வேறுபாடு தெரிவதுதான் முதல் பாடம்.

இன்னொன்று. மனுவில் எழுதியதை மனுவாகத்தான் படிக்க வேண்டும், உத்தரவாகப் படிக்கக் கூடாது. ஒருவர் படிவத்தில் அடித்ததை அப்படியே தரவுத்தளத்துக்கான கட்டளை வரியோடு ஒட்டினால், அவர் அடித்ததே கட்டளையாகிவிடும். 'இந்தப் பட்டியலை முழுதும் காட்டு' என்று பெயர்க் கட்டத்தில் ஒருவர் சூழ்ச்சியாக எழுதினால் பதிவறை காட்டிவிடும். கட்டளையில் இடம் மட்டும் விட்டு, மதிப்பைத் தனியாக அனுப்பும் முறை ஜேடிபிசியில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. நாங்கள் சோம்பேறித்தனத்தால் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு முகாம் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் பதியத் தொடங்கியதும் செயலி நின்றுவிட்டது. காரணம் தேடினால், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு புது இணைப்பைத் திறந்து, மூடாமல் விட்டிருந்தோம். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 100 இணைப்பு வரைதான் தாங்கும். இதற்குத்தான் கனெக்ஷன் பூல் என்ற ஏற்பாடு. பத்து வாளி இருக்கும் பொதுக் கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்தவர் வாளியை அங்கேயே திருப்பி வைத்தால் ஊர் முழுக்கக் குடிக்கலாம். ஒருவர் வாளியை வீட்டுக்குக் கொண்டுபோனால் பத்தாவது ஆளுக்குப் பிறகு வரிசை நகராது. பொதுக் கிணறு பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கட்டங்களையும் மாற்றினோம். தந்தை பெயர் கட்டாயம் என்று வைத்திருந்தோம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு அக்கா அந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டு எழுந்து போனபோதுதான் உறைத்தது. எந்த அரசுப் படிவம் நம்மை அவமதிக்கிறது என்று குறை சொன்னோமோ, அதையே நகல் எடுத்து வைத்திருந்தோம். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று பொய்யாகப் போடுவதை நிறுத்தினோம். ஆண்டு மட்டும் போதும், அதுவும் தெரியாவிட்டால் தெரியாது என்று பதிய ஒரு வழி. பெயரை அவர் சொல்கிறபடி ஒரு கட்டம், அட்டையில் இருக்கிறபடி இன்னொரு கட்டம். இரண்டும் வேறுவேறாக இருப்பதுதான் பல மனுக்களின் சிக்கலே.

கடைசியாகப் பேக்கப். நத்தத்தில் எரிந்தது ஓட்டு வீடும் பண்ட பாத்திரமும் மட்டும் அல்ல. பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, நிலப் பத்திரம் எல்லாம் சேர்ந்து எரிந்தன. ஒரு தலைமுறை படித்ததற்கான சாட்சி ஒரே மாலையில் சாம்பலானது. அதை நினைத்தபடிதான் ஒவ்வொரு இரவும் எங்கள் தரவுத்தளத்தின் நகல் ஒன்று பூட்டுக் குறியீடு போட்டு வேறொரு ஊருக்குப் போகிறது. மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுப்பிப் பார்க்கிறோம். எழுப்பிப் பார்க்காத நகல் இருந்தும் இல்லாததுதான்.

எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஒரு தோழர் கேட்டார். வாச்சாத்தியைப் பாருங்கள் என்றோம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று படையாக வந்து அந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 54 பேர் விசாரணை நடக்கும்போதே இறந்துபோனார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. 31 ஆண்டுகள். அந்தப் பெண்கள் தங்கள் சொல்லை 31 ஆண்டு மாறாமல் வைத்திருந்தார்கள். நாம் வைத்திருக்கும் பதிவும் 31 ஆண்டுக்குப் பிறகு திறந்தால் திறக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் நகலை வெறும் எழுத்துக் கோப்பாகவே எடுத்து வைக்க முடியும். எந்த நிறுவனம் மூடினாலும் அதை ஒருவர் கண்ணால் படிக்கலாம். திறந்தமூலத்தை நாங்கள் நம்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

சிலர் கேட்கிறார்கள்: களத்தில் இறங்க வேண்டியவர்கள் கணினி முன்னால் உட்காரலாமா? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பாபாசாகேப் 1920இல் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். அவர்கள் காலத்தில் அச்சு எழுத்தைக் கோக்கத் தெரிந்தவன் கையில் சொல் இருந்தது. நம் காலத்தில் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில் அதிகாரம் இருக்கிறது. யார் பழங்குடி, யார் பயனாளி, யாருடைய வன உரிமைக் கோரிக்கை தள்ளுபடி என்று முடிவு செய்வது ஒரு பட்டியல்தான். 2019 பிப்ரவரி 13 அன்று, வன உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, அதே மாதம் 28 அன்று நிறுத்தி வைத்தது. அந்த இரண்டு வாரமும் மலைகளில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: என் பேரு அந்த லிஸ்டுல இருக்கா? அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் நம்முடைய ஒரு பதிவு இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். பதிவு மக்களுடையது, நம்முடையது அல்ல. இப்போது நாங்கள் ஒவ்வொருவரிடமும் எதற்காக வாங்குகிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறோம். வேண்டாம் என்றால் நீக்கித் தருகிறோம். நீக்குவதற்குத் தனி யூசர், இருவர் கையெழுத்து. அன்று மறுத்த அண்ணன் இன்னும் கொடுக்கவில்லை. அது அவர் உரிமை. தன் கோரிக்கையை அவரே தனியாகப் பார்த்துக்கொள்கிறார்.

புதிய சர்வரோடு முதல்முறை ஏறியபோது, நேராகப் பாட்டி வீட்டுத் திண்ணைக்குத்தான் போனோம். தரவுத்தளம் யுடிஎஃப்-8, இணைப்பு யுடிஎஃப்-8, பக்கம் யுடிஎஃப்-8. கீழேயே அவர் பெயரை வைத்து மூன்று முறை சோதித்துவிட்டோம். ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பேத்தி குனிந்து பார்த்துப் பாட்டியின் பெயரைச் சத்தமாகப் படித்தாள். அப்பா பெயரையும் படித்தாள். பிறகு மலையின் பெயரையும் ஊரின் பெயரையும்.

பாட்டி, "இன்னொரு வாட்டி படி" என்றார்.

படித்தாள். அவர் தலையாட்டிவிட்டு, "காயிதத்துல இருக்கா?" என்று எங்களைக் கேட்டார். பேரேட்டை எடுத்துக் காட்டினோம். அதையும் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

ஜெய் பீம்.